ஒலிவீனாளின் புலம்பல்

அத்தியாயம் பதினேழு

கசெற் வீட்டுக்குள் வந்து ஆறு நாளாயிற்று. அந்த ஆறு நாளும் சந்தியோகு வாயைத் திறந்தது தேத்தண்ணி கேட்கவும் படலையைச் சாத்தச் சொல்லவும் மட்டுந்தான்.

அவர் எப்போதுமே அதிகம் கதைக்காதவர். ஆனால் மௌனத்திலும் வகை இருக்கிறது என்பது மனைவி அருமைநாயகிக்குத் தெரியும். களைத்துப்போன மனிதரின் மௌனம் ஒன்று. எதையோ கேட்டுக்கொண்டிருப்பவரின் மௌனம் இன்னொன்று. இது இரண்டாவது.

நடந்தது இவ்வளவுதான். யாழ்ப்பாண நகரத்தில் வீடியோக் கடை வைத்திருக்கும் மருமகன் கொலின்ஸ், போன ஞாயிறு பண்டத்தரிப்பில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் படம் பிடிக்கப் போனான். அவன் குருநகரில் பெண் எடுத்தவன் என்று அறிந்ததும், அந்த வீட்டுப் பத்மாவதி அம்மா உள்ளே போய் ஒரு பழைய ஒலிநாடாக் கசெற்றை எடுத்துவந்து அவன் கையில் வைத்தார். அவருடைய கணவர், காலஞ்சென்ற சிவசுப்பிரமணியம் மாஸ்டர், கூத்து என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு எந்தக் கரைக்கும் போய்ப் பதிந்துகொண்டு வருகிறவர். உறையில் அவருடைய கையெழுத்து: 'ஒலிவீனாள் நாடகம். குருநகர். அரசி: சந்தியோகு.'

கொலின்ஸ் அதை மாமனாரிடம் சந்தோஷமாக நீட்டினான். சந்தியோகு வாசித்தார். மேசையில் வைத்தார். செருப்பைக் கொழுவிக்கொண்டு கரைக்குப் போனவர் பொழுதுபட்டுத்தான் வந்தார்.

ஒலிவீனாள் நாடகத்தை இன்று ஐம்பது வயதுக்குக் கீழே எவருக்கும் தெரியாது. முப்பத்தெட்டு வருஷங்களுக்கு முன்னர் ஒரு திருநாளுக்கென்று அண்ணாவியார் நீக்கிலாப்பிள்ளை எழுதிப் பழக்கிய கூத்து. ஒரேயொரு தரம் மேடையேறியது. முழுப் பாட்டும் எழுதிய கொப்பி அண்ணாவியாரிடம் மட்டுமே இருந்தது. ஆடியவர்களிடம் அவரவர் பாட்டை எழுதிய தாள்கள்தான். அடுத்த வருஷமும் போடச் சொல்லி ஊர் கேட்டது. அரசியாக ஆடிய சந்தியோகு ஏலாது என்றுவிட்டார். அந்தப் பாட்டை வேறொருவனுக்குக் கொடுக்க அண்ணாவியாருக்கு மனம் வரவில்லை. பிறகு அண்ணாவியார் செத்தார். யுத்த இடப்பெயர்வில் கொப்பியும் போயிற்று. ஆடியவர்களில் பாதிப்பேர் மண்ணுக்குள், மீதிப்பேர் கனடாவில்.

சந்தியோகு ஏன் மறுத்தார் என்று ஊர் கேட்டபோது, ஊரே பதிலையும் சொல்லிக்கொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்த கவலை.

அது பொய்யல்ல. கூத்து நடந்த மூன்றாம் நாள் அவர்களுடைய மூத்த பிள்ளை றெமி காய்ச்சலில் செத்துப்போனான். மூன்று வயதும் நான்கு மாதமும்.

சனிக்கிழமை காலை அருமைநாயகி பைப்படியில் இருந்து விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கொலின்ஸின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"மாமி, மாமா எங்கை?"

"விடியவே கரைக்குப் போட்டார்."

"வள்ளத்தையும் வித்தாச்சு. அங்கை என்ன அலுவல் அவருக்கு?"

"மற்றவையின்ரை வலையளைப் பாத்துக்கொண்டிருப்பார்."

உள்ளேயிருந்து மகள் மேர்சி குரல் கொடுத்தாள். "நீங்கள் உந்தக் கசெற்றோடை வந்த நாளிலை இருந்து அப்பா வீட்டிலை தங்கிறாரில்லை. மருமகனைக் கண்டு பயந்து ஓடுற மாமன் ஊரிலை இவர் ஒராள்தான்."

"என்னைக் கண்டில்லையடி, தன்ரை வடிவைக் கண்டு பயம். பத்மாவதி அம்மா சொன்னவ, குருநகர் அரசியைப் போலை ஒருத்தியைத் தான் காணேல்லை எண்டு மாஸ்டர் சாகுமட்டும் சொல்லுவாராம். அம்மாவுக்கே கொஞ்சம் எரிச்சல்தான் போலை. மாமி, உங்களுக்கு எரிச்சல் வரேல்லையோ?"

"வராமல்? என்ரை கூறையைத்தான் கட்டிக்கொண்டு ஆடினவர். திருப்பித் தரேக்கை இடுப்படியிலை கிழிஞ்சிருந்தது."

மேர்சி சிரித்தாள். அருமைநாயகியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மீனின் செதிலை மறுபடியும் மறுபடியும் ஒரே இடத்தில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கொலின்ஸ் லப்டொப்பைக் குசினி மேசையில் வைத்தான். ஞாயிறு இரண்டாம் பூசை முடிய, பங்கு மண்டபத்தில் எல்லாரும் இருந்து கேட்பதாக ஏற்பாடு. பங்குச் சுவாமி கோயிலில் அறிவித்தும்விட்டார். அதற்கு முதல் மாமாவுக்குத் தனியாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவனுடைய ஆசை.

"அவர் வரட்டும். முதல்லை எனக்கு ஒருக்கால் போடும், தம்பி."

"எது மாமி? துவக்கத்திலை இருந்தோ?"

"புலம்பல்."

சொல்லிவிட்டுக் கையைக் கழுவினாள். சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பூசைக்குப் போகிறவள்போல முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இருந்தாள்.

ஆறு நாளாக அவள் கேட்க விரும்பியதும் கேட்கப் பயந்ததும் இந்த ஒரே இடத்தைத்தான். றெமியின் படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. ஞானஸ்நானத்துக்கு எடுத்த ஒரு படம் இருந்தது. அது தொண்ணூற்றைந்தில் ஓடிய ஓட்டத்தில் சாவகச்சேரியில் எங்கோ நனைந்து, காயவைத்தபோது முகம் மட்டும் தாளைவிட்டுக் கழன்றுபோயிற்று. அவனுடையது என்று இந்த உலகத்தில் மிச்சம் எதுவுமில்லை. இந்தக் கசெற்றில் மட்டும், இந்தப் புலம்பலுக்குள் மட்டும், அவனுடைய குரல் இருக்க வேண்டும். அந்தக் குரலைச் சந்தியோகு கேட்டுவிடவும் கூடாது.

மத்தளம் அடங்கியது. முப்பது வயதுச் சந்தியோகு பாடத் தொடங்கினார்.

"ஆழிக்கரை மணலே, என் மகன்
அடிச்சுவடு காட்டாயோ
பாலுக்கழுத பாலன் இன்று
பசியாறித் தூங்கினனோ"

மந்திரியின் பொய்யைக் கேட்ட அரசன், ஒலிவீனாளையும் கைக்குழந்தையையும் வெவ்வேறு தோணிகளில் ஏற்றிக் கடலில் விட்டுவிடுகிறான். கரையொதுங்கியவள் பிள்ளையைத் தேடிப் பாடுகிற பாட்டு. ஆண் குரலுமில்லை, பெண் குரலுமில்லை. அதைக் கேட்டு மேர்சி அடுப்படியில் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். தன் தகப்பனுக்கு இப்படி ஒரு குரல் இருந்தது என்று அவளுக்கு முப்பத்திமூன்று வயதில்தான் தெரிகிறது.

அருமைநாயகி கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு ஏறியது, இறங்கியது, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடினார்கள். முடிந்தது.

வேறு ஒன்றுமே இல்லை.

"தம்பி, உதிலை... வேறை ஒரு சத்தமும் இல்லையோ?"

"அதைத்தான் சொல்ல வந்தனான் மாமி!" கொலின்ஸின் முகம் மலர்ந்தது. "நாலு நாள் மினக்கெட்டனான். ஒரு பிள்ளை, பாட்டுத் துவங்கி முடியுமட்டும் கத்து கத்தெண்டு கத்தித் துலைச்சுப்போட்டுது. மாஸ்டருக்குப் பக்கத்திலை இருந்திருக்கு. இப்ப சத்தங்களைத் தனித்தனியாப் பிரிக்க வசதி இருக்கு. துப்புரவா எடுத்துப்போட்டன். அங்கை ஒரு பிள்ளை இருந்ததெண்டு இனி ஆரும் சொல்லேலாது."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"எடுத்ததை எங்கை போட்டனீர்?"

கொலின்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்ததை ஒரு இடமும் போடுறேல்லை மாமி. அது இல்லாமல் போறதுதான்."

"கசெற்?"

"பூஞ்சணம் பிடிச்சது. ஒருக்கால்தான் ஓடினது. ரெண்டாந்தரம் போட நாடா சுத்துப்பட்டு அறுந்துபோச்சு. முதல் பதிஞ்சது கடையிலை மெசினுக்கை கிடக்கு. அதையும் இண்டைக்கு அழிக்கவேணும், இடம் காணாது. நாளையிண்டைக்கு ஒரு கலியாணவீடு."

அருமைநாயகி எழும்பினாள்.

"நான் உம்மோடை கடைக்கு வாறன்."

"இந்த வெய்யிலுக்கையோ? எதுக்கம்மா?" என்றாள் மேர்சி.

"குழம்பை இறக்கு. உப்புப் பார்."

கடை ஒடுங்கிய ஓர் அறை. சுவர் முழுக்க மாலையும் கழுத்துமாகப் புது மாப்பிள்ளை பொம்பிளைகள். கொலின்ஸ் மாமியைக் கதிரையில் இருத்தி, காதுக்குள் இயர்ஃபோனை வைத்துவிட்டான். அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. மாமிக்கு அந்தக் காலத்துக் கரகரப்போடு கேட்க ஆசைபோல என்று நினைத்துக்கொண்டான்.

"கேட்டால் உங்களுக்குக் கோபம்தான் வரும் மாமி. பிள்ளைக்குச் சுகமில்லை எண்டு மாஸ்டரே சொல்லுறார். அந்தப் பொம்பிளை எழும்பிறாள் இல்லை. அவளும் ஒரு தாய்! கூத்துப் பாக்கிற விசரிலை பிள்ளையைக் கத்தவிட்டுட்டு இருக்கிறாள்."

"போடும்," என்றாள் அருமைநாயகி.

முதலில் மத்தளம். செருமல்கள். யாரோ கடலை உடைக்கிறார்கள். சந்தியோகு முதலடியை எடுக்கிறார். அதற்குள்ளே, அதற்குக் கீழே, அவன்.

இவ்வளவு காலமும் முகம் மறந்தாலும் குரல் மறக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள். அதுவும் பொய். அவள் நெஞ்சுக்குள் வைத்திருந்தது வேறு ஏதோ பிள்ளையின் குரல். இது அதைவிடச் சின்னக் குரல். அடித்தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. அழுகைக்கு நடுவில் மூச்சை இழுக்கும்போது ஒரு விக்கல். அந்த விக்கலை அவள் முழுதாக மறந்தே போயிருந்தாள்.

பிறகு ஓர் ஆணின் மெல்லிய குரல், பதிவுக் கருவிக்கு மிக அருகில்:

"தங்கச்சி, பிள்ளைக்கு உடம்பு நெருப்பாச் சுடுகுது. கொண்டுபோங்கோவன்."

பிறகு ஓர் இளம்பெண்ணின் குரல்:

"இது முடியட்டும், மாஸ்டர்."

அருமைநாயகி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இருபத்திநான்கு வயது அவளுக்கு. முன்வரிசைப் பாயில், அரசியின் பெண்சாதி என்று அண்ணாவியார் இருத்திய இடத்தில் இருந்தாள். வெள்ளைச் சேலையோடு அரசி சபைக்கு வந்தபின், புலம்பல் முடியும்வரை முன்வரிசையில் எவரும் எழும்பக்கூடாது. எழும்பினால் பாடுகிறவனுக்குக் குரல் அடைக்கும் என்பார்கள். அதிலும் பெண்சாதியே எழும்பினால்? இருபது நிமிஷந்தானே என்று இருந்தாள். முடிந்தது. சபை கையைத் தட்டித் திரும்பப் பாடச் சொன்னது. திரும்பவும் இருபது நிமிஷம். இரண்டாம் தரம் பாதியில் றெமியின் அழுகை நின்றது. நித்திரையாகிவிட்டான் என்று நினைத்தாள்.

விடியப்புறம் வலிப்பு வந்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "இன்னும் கொஞ்சம் முந்தி..." என்று தொடங்கிய டொக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வசனத்தை முடிக்கவில்லை. அதை அன்றிலிருந்து அவள்தான் ஒவ்வொரு நாளும் முடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நாற்பது நிமிஷம் ஒரு வித்தியாசம் செய்திருக்குமா என்று எவரும் சொன்னதில்லை. அவளும் எவரையும் கேட்டதில்லை.

சந்தியோகுவிடம் வேறு கதை சொன்னாள். பிள்ளையைத் தன் தாய் வீட்டில் நித்திரையாக்கிவிட்டுத்தான் கூத்துக்கு வந்ததாகவும், திரும்பிப் போய்ப் பார்த்தபோதுதான் காய்ச்சல் கண்டிருந்ததாகவும். அவர் தலையை ஆட்டினார். பாயில் பக்கத்திலிருந்தவர்கள் இரக்கப்பட்டு அதை மறுக்கவில்லை. அவளுடைய தாயும் அந்தக் கதையையே சொல்லிச் சொல்லிச் செத்தாள். மேர்சி பிறந்து வளர்ந்து கேட்டபோது அவளுக்கும் அதே கதைதான்.

இயர்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"தம்பி, நாளைக்கு உம்மடை துப்புரவாக்கினதையே போடும். எனக்கு உதிலை பாட்டை எடுத்துப்போட்டு மிச்சத்தைத் தாரும்."

"பாட்டை எடுத்துப்போட்டோ?"

"ஓம். மிச்சத்தை."

கொலின்ஸ் அவளை உற்றுப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"மாமி... ஆர் அந்தப் பிள்ளை?"

"ஆரோ ஒரு பிள்ளை, தம்பி."

அவன் மெசின் பக்கம் திரும்பினான். அரை மணித்தியாலம் வேலை செய்து, அதை அவளுடைய போனில் போட்டுக் கொடுத்தான். இயர்ஃபோனையும் சுருட்டிக் கையில் வைத்தான்.

சந்தியோகு நான்கு மணிக்கு வந்தார். காலில் சேறு. கழுவிவிட்டு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தவரை மேர்சி விடவில்லை.

"அப்பா, இண்டைக்குத் தப்பேலாது. உங்கடை குரலை நான் கேட்டிட்டன். இவ்வளவு நாளும் இதை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்? கோயில்லைகூட வாய் அசைக்கிறதோடை சரி."

சந்தியோகு மகளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "போடு," என்றார்.

கொலின்ஸுக்கு இப்போது போட விருப்பமில்லை. அருமைநாயகியைப் பார்த்தான். அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். இடுப்பில் செருகியிருந்த போன் அவளைச் சுட்டது. பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் துப்புரவாக்கியாயிற்று என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியது. சந்தியோகு கண்ணை மூடினார். முதலடி போயிற்று. இரண்டாமடி. மூன்றாமடியில் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டு."

"ஏன் மாமா? பிழையோ?"

"உந்த இடத்திலை ஒரு பிள்ளை அழவேணும்."

மேர்சி கணவனைப் பார்த்தாள்.

"பிள்ளை எங்கை?" என்றார் சந்தியோகு.

"அது... எடுத்துப்போட்டன் மாமா. பாட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது."

"கெடுக்கேல்லை." படலைக்கு வெளியே ஒழுங்கையால் ஐஸ்கிறீம் வான் மணியடித்துக்கொண்டு போயிற்று. அது போய் முடியும்வரை காத்திருந்தவர்போலப் பிறகுதான் தொடங்கினார்.

"ரெண்டு மாசம் பழகியும் உந்தப் பாட்டு எனக்கு வரேல்லை. பிள்ளையைப் பறிகுடுத்தவள் மாதிரியோ பாடுறாய், சந்தையிலை மீன் வித்து முடிச்சவள் மாதிரியெல்லோ கிடக்கெண்டு அண்ணாவியார் ஏசுவார். அண்டைக்கு மேடையிலை முதலடியை எடுக்கிறன். கீழை அவன் அழுறான். என்ரை பிள்ளையின்ரை குரல் எனக்குத் தெரியாதோ? தெரிஞ்சுது. தெரிஞ்ச உடனை பாட்டுத் தானா வந்துது. சபை ஆடாமல் அசையாமல் இருந்தது. திரும்பப் பாடு எண்டு கேட்டினம்."

"நீங்கள் பாடினீங்கள்," என்றாள் அருமைநாயகி.

"பாடினன். அவன் அழுகையை நிப்பாட்டிப் போடக்கூடாதெண்டு நினைச்சன், அருமை. முடியுமட்டும் அழவேணுமெண்டு நினைச்சன். பாதியிலை நிண்டுபோச்சு. எனக்கு எரிச்சல் வந்துது."

கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டு உள்ளங்கையால் வாயைத் துடைத்தார்.

மேர்சிக்கு அப்போதுதான் பிடிபட்டது. "அண்ணை கூத்துக்கு வந்தவனோ? அம்மம்மா வீட்டிலை நித்திரையிலை காய்ச்சல் கண்டதெண்டெல்லோ..." என்று தொடங்கியவள், தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அருமைநாயகி கணவனிடம் கேட்டாள். "நான் சொன்னதை நம்பினீங்கள் எண்டு நினைச்சன்."

"நம்பினால் எனக்கும் நல்லதெல்லோ."

முப்பத்தெட்டு வருஷம் ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, கார்த்திகை மாதத்தில் ஒரே மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு கல்லறைக்குப் போய்வந்தவர்கள். அவளுடைய பொய்க்குள் அவரும் இவ்வளவு காலமாக ஒதுங்கியிருந்திருக்கிறார். அவள் தனியாக இருந்ததாக நினைத்த இடத்தில் பக்கத்திலேயே இன்னொரு ஆள்.

அதை அறிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். இல்லை. குற்றம் ஒன்று இரண்டானதுதான்.

"நீ எழும்பிப் போயிடுவாய் எண்டும் பயந்தன்," என்றார் சந்தியோகு. "எழும்பமாட்டியோ எண்டும் பாத்தன். ரெண்டும்தான்."

வெயில் விறாந்தைப் படியைவிட்டு முற்றத்துக்கு இறங்கியது. கொலின்ஸ் லப்டொப்பை மூடினான்.

"கடைக்குப் போனனியாம். கரையிலை பெடியள் சொன்னாங்கள்." சந்தியோகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "உன்னட்டை அது இருக்கோ?"

"ஓம்."

"ஒருக்கால் போடு. கேப்பம்."

அவருடைய குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதில்லை. கை தானாக இடுப்புக்குப் போயிற்று. போனை எடுத்தாள். பொத்தானை அமர்த்துகிற நேரத்தில் விரல் நின்றது.

"அண்டைக்கு நீங்கள் அவனை ரெண்டு தரம் கேட்டனீங்கள்," என்றாள்.

கோபத்தில் சொன்னாளா, அந்தப் போனுக்குள் தன் குரலும் இருக்கிறது என்ற பயத்தில் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னதைத் திருப்பி எடுக்கவும் மனம் வரவில்லை.

சந்தியோகு தலையை ஆட்டினார். நியாயந்தான் என்பதுபோல இரண்டு தரம் ஆட்டினார். எழும்பிக் கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"மாமா, நாளைக்கு நான் எதைப் போடுறது?" என்றான் கொலின்ஸ்.

"ஒண்டையும் போடாதை."

"எங்கையப்பா போறியள்? இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை," என்றாள் மேர்சி.

அவர் படலையைத் திறந்துகொண்டு போனார். கரைப்பக்கம் போகவில்லை. கோயில் பக்கம் திரும்பினார்.

அருமைநாயகி வாசற்படியில் இருந்துகொண்டாள். மேர்சி வந்து தாயின் காலடியில், நிலத்தில் இருந்தாள். அவள் கேட்கப்போகிறாள் என்பது அருமைநாயகிக்குத் தெரிந்தது. மேர்சி தாயின் சேலை ஓரத்தில் ஒட்டியிருந்த மீன் செதில் ஒன்றை நகத்தால் எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான்.

அருமைநாயகி சுருண்டு கிடந்த இயர்ஃபோனைப் பிரித்தாள். ஒன்றைத் தன் காதில் வைத்தாள். மற்றதை மகளிடம் நீட்டினாள்.

"அழுறது உன்ரை அண்ணை," என்றாள். "பேந்து ஒரு பொம்பிளை கதைப்பாள். அது நான்."

மேர்சி அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

பாட்டு இல்லாத அந்த இடத்தில் காற்று மாதிரி ஓர் இரைச்சல். பிறகு அவன் தொடங்கினான். அழுகை, மூச்சு, விக்கல். மேர்சி தன் அண்ணனை முதன்முதலாகக் கேட்டாள். மாஸ்டரின் குரல் வந்தது. அதற்குப் பதில் வந்தது. மேர்சியின் உடம்பு ஒரு தரம் குலுங்கியதை அருமைநாயகி தன் முழங்காலில் உணர்ந்தாள். ஆனால் அவள் இயர்ஃபோனைக் கழற்றவில்லை. தாயின் காலைவிட்டு விலகவுமில்லை.

முற்றத்தில் கொலின்ஸின் போன் அடித்தது. பங்குச் சுவாமி. கொலின்ஸ் "ஓம் சுவாமி" என்றான், பிறகு "ஆர், மாமாவோ?" என்றான், பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றான். போனைக் கீழே இறக்கியவன் விறாந்தையை நோக்கி வந்தான்.

"மாமி, மாமா சுவாமியிட்டை நிக்கிறாராம். கசெற் வேண்டாமாம். நாளைக்குச் சபைக்கு முன்னாலை தான் நேரை பாடப்போறாராம். பாட முதல் ஒரு விசயம் சொல்லவும் வேணுமாம். என்ன சொல்லப்போறார் மாமி?"

அவனுடைய வாய் அசைவதை அருமைநாயகி கண்டாள். திரும்பப் பாடச் சொன்ன கைதட்டல் ஓய்ந்து, றெமி அப்போது இரண்டாம் தரம் அழத் தொடங்கியிருந்தான்.

அவள் காதிலிருந்ததை எடுக்கவில்லை.